ஆசீர்வாதமும் கணக்குப் புத்தகமும்

"அவங்க குடும்பம் நல்லா ஆசீர்வாதமா இருக்கு" என்று ஒரு தமிழ்க் கிறிஸ்தவ வீட்டில் யாராவது சொன்னால், கேட்கிறவர் மனதில் உடனே ஒரு படம் வந்துவிடும். சொந்த வீடு. வாசலில் கார். வெளிநாட்டில் மகன். நல்ல இடத்தில் கட்டிக்கொடுத்த மகள்.

"அவர் ரொம்பப் பரிசுத்தமான மனுஷன்" என்று சொன்னால் வேறொரு படம் வரும். குடிக்க மாட்டார். சிகரெட் தொட மாட்டார். சினிமா பார்க்க மாட்டார். ஞாயிறு ஆராதனையைத் தவறவிட மாட்டார்.

இந்த இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆசீர்வாதம் என்றால் கைக்கு வந்து சேர்ந்தவை. பரிசுத்தம் என்றால் கை தொடாதவை. சரி, வந்து சேர்ந்தவை எந்த வழியாக வந்தன? அந்தக் கேள்வி மட்டும் இரண்டு படத்திலும் இல்லை!

டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனை முடிந்ததும் பல சபைகளில் வாக்குத்தத்த அட்டை கொடுப்பார்கள். வாங்கியவுடன் விளக்கு வெளிச்சத்தில் பிரித்துப் படிப்பதில் ஒரு சந்தோஷம். பெருகப் பண்ணுவேன், உயர்த்துவேன், காப்பாற்றுவேன் என்ற வகை வசனங்கள்தான் அவற்றில் அதிகம் இருக்கும். வேலைக்காரனுடைய கூலியை ராத்திரி தாண்டி வைத்திருக்காதே என்ற கட்டளையும் அதே வேதாகமத்தில்தான் இருக்கிறது. அதை அட்டையில் அச்சடித்துக் கொடுத்தால் வாங்கியவர் முகம் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்...

ஆசீர்வாதமான, பரிசுத்தமான கிறிஸ்தவ வாழ்க்கை என்பது ஞாயிற்றுக்கிழமை பாட்டில் தெரிவதை விடத் திங்கட்கிழமை கணக்கில்தான் அதிகம் தெரியும். இந்தக் கட்டுரை சொல்ல வருவது அவ்வளவுதான்.

இரண்டு 19-ம் அதிகாரங்கள்

பரீட்சைக்குப் படிக்கிறவர்களுக்கு ஞாபகம் வைத்துக்கொள்ள வசதியாக, இந்த விஷயத்துக்கு முக்கியமான இரண்டு பகுதிகளும் வேதாகமத்தில் 19-ம் அதிகாரமாகவே அமைந்திருக்கின்றன.

முதலாவது, லேவியராகமம் 19. கடவுள் பரிசுத்தர், ஆகவே அவருடைய ஜனமும் பரிசுத்தமாக வாழ வேண்டும் என்ற கருத்தோடு அதிகாரம் தொடங்குகிறது. அடுத்து ஜெபம், உபவாசம், வெள்ளை உடை என்று போகும் என்றுதான் எதிர்பார்ப்போம் என்று பலர் நினைப்பார்கள். பெற்றோர், ஓய்வுநாள், பலி பற்றிச் சில வசனங்கள் வருகின்றன. பிறகு அதிகாரம் நேராக வயலுக்குள் இறங்கிவிடுகிறது. அறுக்கும்போது ஓரத்தை வழித்து எடுக்காதே, அது ஏழைக்கும் பரதேசிக்கும். திருடாதே, பொய் சொல்லாதே. கூலிக்காரனின் கூலியை விடியும் வரை வைத்துக்கொள்ளாதே. காது கேளாதவரைத் திட்டாதே, கண் தெரியாதவர் வழியில் தடுக்கல் வைக்காதே. பணக்காரன் முகத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லாதே. கடைசியில் தராசும் படிக்கல்லும் மரக்காலும் சரியாக இருக்கட்டும் என்று சந்தைக்கே வந்து சேர்கிறது. 

அதாவது பரிசுத்தம் என்ற தலைப்புக்குக் கீழே எழுதப்பட்ட பட்டியலில் பெரிய பகுதி விவசாயம், கூலி, நீதிமன்றம், எடை, அளவு. பிறரை நேசிக்கச் சொல்லும் புகழ்பெற்ற கட்டளையும் இந்தப் பட்டியலின் நடுவில்தான் இருக்கிறது.

இரண்டாவது, லூக்கா 19. எரிகோ ஊரின் வரி வசூல் தலைவர் சகேயு. குள்ளமானவர், மரத்தில் ஏறியவர். ஞாயிறு பள்ளியில் படித்த எல்லோருக்கும் அந்த மரம் ஞாபகம் இருக்கும். அவர் இறங்கி வந்த பிறகு சொன்ன கணக்கு ஞாபகம் இருக்கிறதா? சொத்தில் பாதி ஏழைகளுக்கு. யாரிடமாவது அநியாயமாக வாங்கியிருந்தால் அவருக்கு 4 மடங்கு. இதைச் சொன்ன பிறகுதான் அந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது என்று இயேசு அறிவிக்கிறார். சகேயு ஒரு பாட்டுப் பாடியதாகவோ நீண்ட ஜெபம் செய்ததாகவோ லூக்கா எழுதவில்லை. ஒரு வரவு செலவுக் கணக்கு எழுதியிருக்கிறார்.

ஆசீர்வாதம் என்ற சொல்லுக்கும் இதே கதிதான். மத்தேயு 5-ம் அதிகாரத்தில் மலைப் பிரசங்கத்தின் தொடக்கத்தில் யார் பாக்கியவான்கள் என்று ஒரு பட்டியல் வருகிறது. துயரப்படுகிறவர்கள், சாந்தமானவர்கள், நீதிக்காகப் பசித்திருப்பவர்கள், இரக்கமுள்ளவர்கள், சமாதானம் செய்கிறவர்கள், நீதிக்காகத் துன்பப்படுகிறவர்கள்... வீடு வாங்கியவர், பிரமோஷன் கிடைத்தவர், விசா கிடைத்தவர் யாரும் அதில் இல்லை. வீடும் விசாவும் தப்பு என்று அர்த்தம் இல்லை. ஆனால் அவற்றை மட்டுமே ஆசீர்வாதத்தின் அளவுகோலாக வைப்பது இந்தப் பட்டியலோடு பொருந்தவில்லை.

ஒரு கணக்குப்பிள்ளையின் கதை

ஏட்டில் இருப்பது சரி, அப்படி வாழ்ந்தவர் யாராவது உண்டா என்று கேட்டால், ஒரு நல்ல உதாரணம் அமெரிக்காவில் 18-ம் நூற்றாண்டில் இருக்கிறார். பெயர் ஜான் வூல்மன். 1720-ல் நியூ ஜெர்சியில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். அப்போது அது பிரிட்டிஷாரின் காலனி.

அவர் க்வேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர். 17-ம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் ஜார்ஜ் ஃபாக்ஸ் என்பவரின் பிரசங்கத்தால் உருவான சபை அது. அந்தக் காலத்தில் அங்கே பாதிரியார் கிடையாது. கூடிவந்து அமைதியாக உட்கார்ந்திருப்பார்கள். யாருக்குப் பேச உந்துதல் வருகிறதோ அவர் எழுந்து பேசுவார். எப்போதும் உண்மையே பேச வேண்டும், அதனால் தனியாகச் சத்தியம் செய்யத் தேவையில்லை என்று சொல்லி, நீதிமன்றத்தில் கூடச் சத்தியப் பிரமாணம் எடுக்க மாட்டார்கள். வியாபாரத்திலும் அதே கொள்கை. ஒரு விலை சொல்லிவிட்டுப் பேரத்தில் இறங்குவதும் ஒரு வகைப் பொய்தான் என்று நினைத்து, ஒரே விலை வைத்தார்கள். குழந்தையை அனுப்பினாலும் ஏமாற்ற மாட்டார்கள் என்ற நம்பிக்கை வந்தது. வியாபாரம் வளர்ந்தது.

ஆனால் இதே நேர்மையான சபையில் பலர் அடிமைகளை வைத்திருந்தார்கள். பென்சில்வேனியாவை நிறுவிய வில்லியம் பென் கூட வைத்திருந்தார். தராசு சரியாக இருந்தது, விலையும் சரியாக இருந்தது. தராசில் வைக்கக் கூடாததை வைத்திருந்தார்கள். 1688-லேயே ஜெர்மன்டவுன் என்ற ஊரிலிருந்து சில க்வேக்கர்கள் இதை எதிர்த்து ஒரு மனு எழுதினார்கள். பெரிய கூட்டங்கள் அதைக் கைமாற்றிக் கைமாற்றி, முடிவெடுக்காமல் விட்டுவிட்டன.

வூல்மனுக்கு இருபதுகளின் ஆரம்பம். இன்றைக்குக் கல்லூரி முடித்துவிட்டு முதல் வேலைக்குப் போகிற வயது. மவுண்ட் ஹோலி என்ற ஊரில் ஒரு கடையில் கணக்கு எழுதும் வேலை. (இந்த ஹோலி பரிசுத்தம் என்ற ஆங்கிலச் சொல் அல்ல, ஒரு மரத்தின் பெயர்!) ஒரு நாள் முதலாளி தன்னிடமிருந்த ஒரு கறுப்பினப் பெண்ணை விற்றுவிட்டார். கிரயப் பத்திரம் எழுதும்படி வூல்மனிடம் சொன்னார். வாங்குகிறவர் அங்கேயே காத்துக்கொண்டிருந்தார். அவரும் க்வேக்கர், வயதானவர்.

வூல்மன் எழுதிவிட்டார்.

மனதுக்குள் உறுத்தியது. ஆனால் வருடச் சம்பளத்துக்கு வேலையில் சேர்ந்திருக்கிறோம், சொல்வது முதலாளி, வாங்குவது சபையின் பெரியவர்... இப்படியெல்லாம் நினைத்து எழுதிக் கொடுத்தார். அதோடு, அடிமைகளை வைத்திருப்பது கிறிஸ்தவ மார்க்கத்துக்குப் பொருந்தாது என்று தான் நினைப்பதாக அந்த இரண்டு பேர் முன்னாலும் சொன்னார். அதுவும் போதவில்லை, வேலையிலிருந்து விலக்கு கேட்டிருக்க வேண்டும் என்று பின்னால் தன் நாட்குறிப்பில் எழுதினார். அந்தப் பெண்ணின் பெயர் அந்த நாட்குறிப்பில் இல்லை.

கொஞ்ச நாள் கழித்து வேறொருவர் அதே மாதிரி ஒரு பத்திரம் எழுதக் கேட்டார். இந்த முறை வூல்மன் மறுத்துவிட்டார். திட்டவில்லை, பிரசங்கம் பண்ணவில்லை. என் மனதுக்கு ஒப்பவில்லை என்று நட்பாகவே சொல்லி எழுதாமல் விட்டார்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வூல்மனுக்குப் பரிசுத்தம் பற்றிய சோதனை மதுக்கடை வாசலில் வரவில்லை. வேலை நேரத்தில், மேஜை மேல், ஒரு சாதாரண வியாபாரப் பத்திரமாக வந்தது. சட்டப்படி அந்தப் பத்திரத்தில் ஒரு குறையும் கிடையாது.

உயிலில் விடப்பட்ட பத்தி

நல்ல கையெழுத்தும் சட்ட வார்த்தைகளும் தெரிந்தவர் என்பதால் அக்கம் பக்கத்தில் உயில் எழுதவும் வூல்மனைத்தான் கூப்பிடுவார்கள். அதற்கு வருமானமும் உண்டு. அடிமைகளும் சொத்தாகக் கருதப்பட்டதால் அவர்களை எந்தப் பிள்ளைக்குக் கொடுப்பது என்பதும் உயிலில் வரும்.

அடிபட்டுப் படுத்திருந்த ஒரு பக்கத்து வீட்டுக்காரர் தன் உயிலை எழுதக் கேட்டார். வூல்மன் குறிப்பெடுத்துக்கொண்டு போய், அடிமைப் பெண்ணைப் பற்றிய பகுதியை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் எழுதிக் கொண்டுவந்து கொடுத்தார். பணம் வேண்டாம், இந்த ஒரு பகுதியை மட்டும் தன்னால் எழுத முடியாது என்று சொன்னார். இரண்டு பேரும் உட்கார்ந்து பேசினார்கள். கடைசியில் அந்தப் பெண்ணை விடுதலை செய்ய அவர் ஒத்துக்கொண்டார். பிறகு உயிலை முழுசாக எழுதி முடித்தார் வூல்மன்.

ஒரு பத்தியை எழுதாமல் விட்டதால் ஒரு மனுஷிக்கு விடுதலை. பரிசுத்தம் என்றால் தனியாக மலையேறிப் போய் உட்காருவது என்று நினைக்கிறவர்கள் இதை ஒருமுறை யோசிக்கலாம். வூல்மன் விலகிப் போகவில்லை. பக்கத்து வீட்டுக்காரரின் கட்டில் அருகிலேயேதான் இருந்தார். ஒரே ஒரு இடத்தில் மட்டும் பேனாவை எடுக்கவில்லை.

வளர்கிற கடையைச் சுருக்கியவர்

வணிகவியல் மாணவர்களுக்கு ஆச்சரியம் தரும் பகுதி இனிமேல்தான். வூல்மன் தையல் தொழில் கற்றுக்கொண்டு, சொந்தமாகக் கடையும் வைத்தார். முதலில் தையலுக்கு வேண்டிய சில்லறைச் சாமான்கள், பிறகு துணிகள். வியாபாரம் வருடத்துக்கு வருடம் கூடிக்கொண்டே போனது. பெரிய வியாபாரி ஆவதற்கு வழி திறந்திருந்தது. இன்றைய சாட்சி நேரத்தில் சொன்னால் சபையே கை தட்டும் நிலைமை!

அவருக்கு அது சுமையாகத் தெரிந்தது. இரண்டு காரணங்கள். ஒன்று, தேவைக்கு மேல் வருமானம் வந்தால் மனம் முழுவதும் அதிலேயே போய்விடுகிறது. இரண்டு, கடைக்கு வருகிறவர்கள் கடன் சொல்லித் தகுதிக்கு மீறி வாங்குகிறார்கள். பிறகு கட்ட முடியாமல் வழக்கு வரைக்கும் போகிறார்கள். வசதியில்லாதவர்கள் விலையுயர்ந்த சாமான் கேட்டு வந்தால், இதைவிடக் குறைந்ததே போதும் என்று சொல்லிப் பார்த்தார். விற்பனையாளர் சொல்லும் வார்த்தையா இது?

1756-ல் முடிவெடுத்தார். படிப்படியாகக் கடையைச் சுருக்கினார். வாடிக்கையாளர்களிடம் முன்கூட்டியே சொல்லி, வேறு கடை பார்த்துக்கொள்ளச் சொன்னார். தையலும் ஒரு பழத்தோட்டமும் மட்டும் மிச்சம். மனைவியும் ஒரு மகளும் உள்ள குடும்பத்துக்கு அது போதும் என்று நினைத்தார்.

நஷ்டத்தில் கடையை மூடியவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். லாபத்தில் இருக்கும்போது சுருக்கியவர்கள் எத்தனை பேர்?

கிடைத்த நேரத்தில் அவர் ஊர் ஊராகப் போய் அடிமைகளை வைத்திருந்த க்வேக்கர் வீடுகளைச் சந்தித்தார். 1757-ல் தென் பகுதிக் காலனிகளுக்குப் போனபோது ஒரு சங்கடம். தங்கிய வீடுகளில் சமைத்துப் போட்டது, படுக்கை விரித்தது எல்லாம் அடிமைகள். சம்பளம் இல்லாத உழைப்பை இலவச விருந்தாகச் சாப்பிட அவருக்கு மனம் வரவில்லை. சிறு வெள்ளிக் காசுகளைக் கையோடு கொண்டுபோய் அந்த வேலைக்காரர்களுக்குக் கொடுத்தார், அல்லது அவர்களுக்குக் கொடுக்கச் சொல்லி வீட்டுக்காரரிடம் கொடுத்தார். லேவியராகமத்தின் கூலிக் கட்டளையை இதைவிட எளிமையாக யாரும் செய்து காட்ட முடியாது. வீட்டுக்காரரைத் திட்டவில்லை. ஆனால் காசை வாங்கும்போது அந்த வீட்டுக்காரருக்கு விஷயம் புரியாமல் இருந்திருக்காது.

1758-ல் பிலடெல்பியாவில் க்வேக்கர்களின் ஆண்டுக் கூட்டம். அடிமை விஷயத்தைத் தள்ளிவைக்கலாம் என்று சிலர் நினைத்தார்கள். தள்ளிவைக்கக் கூடாது என்று வூல்மன் எழுந்து பேசினார். அடிமைகளை வாங்கி விற்கும் உறுப்பினர்களைச் சபைக் காரியங்களில் சேர்ப்பதில்லை என்று கூட்டம் முடிவு செய்தது. அடிமைகளை வைத்திருப்பவர்களை வீடு வீடாகச் சந்திக்க ஒரு குழுவும் போட்டது. அதில் வூல்மனும் இருந்தார்.

18 வருடங்கள் கழித்து, 1776-ல், அதே ஆண்டுக் கூட்டம் உறுப்பினர்கள் அடிமைகளை வைத்திருப்பதையே தடை செய்தது. பார்க்க வூல்மன் இல்லை. 1772-ல் இங்கிலாந்து போன இடத்தில், யார்க் நகரில் அம்மை நோயில் இறந்துவிட்டார். அமெரிக்கா முழுவதும் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1865-ல்.

அதே சபை, இன்னொரு கணக்கு

இத்தோடு நிறுத்தினால் கட்டுரை இனிப்பாக முடியும். ஆனால் அதே க்வேக்கர் சபையில் இன்னொரு கதை உண்டு, அது உண்மையிலேயே இனிப்பு சம்பந்தப்பட்டது.

1824-ல் பர்மிங்காமில் ஜான் காட்பரி என்ற க்வேக்கர் தேயிலை, காபி, குடிக்கும் சாக்லேட் விற்கும் கடை திறந்தார். அவருடைய பிள்ளைகள் காலத்தில், 1879-ல், தொழிற்சாலை நகருக்கு வெளியே போர்ன்வில் என்ற இடத்துக்கு மாறியது. தோட்டத்தோடு வீடுகள், விளையாட்டு மைதானம் எல்லாம் அங்கே வந்தன. மதுக்கடை மட்டும் கிடையாது. தொழிலாளர் நலத்துக்கு உதாரணமாக உலகமே அந்த இடத்தைக் காட்டியது.

அவர்களுடைய கொக்கோவில் கணிசமான பகுதி சாவோ தோமே, பிரின்சிப்பி என்ற போர்ச்சுகீசியத் தீவுகளிலிருந்து வந்தது. அங்கே வேலை செய்தவர்கள் பெயரளவில் ஒப்பந்தக் கூலிகள். உண்மையில் அங்கோலாவிலிருந்து கொண்டுவரப்பட்டு, திரும்பிப் போக முடியாமல் இருந்த அடிமைகள். 1901 வாக்கில் இந்தச் செய்தி காட்பரி நிறுவனத்துக்கு எட்டிவிட்டது. அந்தத் தீவில் ஒரு தோட்டம் விற்பனைக்கு வந்தபோது அதன் சொத்துப் பட்டியலில் தொழிலாளர்களுக்கும் விலை போடப்பட்டிருந்தது.

சொத்துப் பட்டியலில் மனிதர்கள்! வூல்மன் முன்னால் வந்த கிரயப் பத்திரம் மறுபடி வந்துவிட்டது.

காட்பரி சும்மா இருக்கவில்லை. விசாரித்தார்கள், 1905-ல் ஆள் அனுப்பினார்கள், அரசாங்கங்களோடு பேசினார்கள். ஆனால் அந்தக் கொக்கோவை வாங்குவதை நிறுத்தியது 1909-ல்தான். தங்களை வேஷதாரிகள் போல எழுதிய ஒரு பத்திரிகை மீது அதே வருடம் நடந்த மான நஷ்ட வழக்கில் காட்பரிக்குச் சாதகமாகத்தான் தீர்ப்பு வந்தது. ஆனால் நஷ்ட ஈடு எவ்வளவு தெரியுமா? ஒரு ஃபார்திங், அதாவது கால் பென்னி.

காட்பரி குடும்பத்தினர் கெட்டவர்கள் அல்ல. குடிக்காதவர்கள், பொய் சொல்லாதவர்கள், ஏழைகளுக்கு வாரிக் கொடுத்தவர்கள். இருந்தும் கணக்கின் ஒரு வரி அவர்களைச் சுமார் 8 வருடம் திணற வைத்தது. நல்ல மனிதராக இருப்பதும், வருகிற பணத்தின் வழியைக் கேட்பதும் இரண்டு வேறு வேலைகள் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

கேட்கப்படும் கேள்விகள்

1. இரட்சிப்பு கிருபையால்தானே? கணக்குச் சரியாக இருந்தால் பரலோகம் என்று சொல்வது நியாயப்பிரமாணம் ஆகிவிடாதா?

ஆகாது. சகேயுவின் கதையில் வரிசையைப் பாருங்கள். கணக்கைச் சரி செய்துவிட்டு வா, பிறகு உன் வீட்டுக்கு வருகிறேன் என்று இயேசு சொல்லவில்லை. முதலில் வீட்டுக்கு வருவதாகச் சொன்னார். கணக்கு அதற்குப் பிறகு தானாகவே திறந்தது. கிருபை வந்த வீட்டில் பேரேடு மூடியே இருக்குமானால், வந்தது என்னவென்று கொஞ்சம் சந்தேகப்பட இடம் இருக்கிறது.

2. பணம் இருப்பதே பாவமா? ஆபிரகாம் செல்வந்தர், யோபுவுக்கு இரட்டிப்பாகக் கிடைத்ததே?

பணம் பாவம் அல்ல. ஆனால் யோபு தன்னைப் பற்றிச் சொல்லும் பகுதியையும் சேர்த்துப் படிக்க வேண்டும். வேலைக்காரரின் வழக்கைத் தள்ளியதில்லை, ஏழைக்குக் கொடுக்காமல் தனியாகச் சாப்பிட்டதில்லை என்று 31-ம் அதிகாரத்தில் கணக்கு ஒப்பிக்கிறார். ஆடு மாடுகளின் எண்ணிக்கையை மட்டும் எடுத்துக்கொண்டு அந்த அதிகாரத்தை விட்டுவிடுவது பாதி ஐந்தொகையைக் காட்டுவது போல.

3. ஒரு ஆள் கடையைச் சுருக்கியதால் உலகம் மாறிவிட்டதா?

உடனே மாறவில்லை. ஆனால் ஒரு பெண்ணுக்கு விடுதலை கிடைத்தது, ஒரு சபை மாறியது. மாறியிருக்காவிட்டாலும் வூல்மன் அந்தப் பத்திரத்தை எழுதியிருக்க மாட்டார். பலன் வந்தால்தான் பரிசுத்தம் என்றால் அது முதலீடு, பரிசுத்தம் அல்ல.

இன்றைய பேரேட்டில்

இன்றைக்குக் கிரயப் பத்திரம் எழுதச் சொல்லி யாரும் மனிதரைக் கொண்டுவந்து நிறுத்துவதில்லை. வேறு காகிதங்கள் வருகின்றன.

தசமபாகம் கணக்கிடும்போது மொத்தச் சம்பளத்தில் 10 சதவீதமா, பிடித்தம் போக மீதியில் 10 சதவீதமா என்று மணிக்கணக்கில் விவாதம் நடப்பதுண்டு. மீதி 90 சதவீதம் எப்படி வந்தது, எப்படிப் போகிறது என்று யாரும் விவாதிப்பதில்லை. வீட்டு வேலை செய்யும் அக்கா உடம்பு சரியில்லாமல் 2 நாள் வராவிட்டால் சம்பளத்தைப் பிடித்துவிட்டு, அந்த மாதக் காணிக்கையைக் குறையாமல் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். கணக்கில் இரண்டும் சரியாகத்தான் இருக்கும்!

இன்னொரு பெரிய வரி வரதட்சணை. 1961-லேயே தடைச் சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் ஜெபத்தோடு பெண் பார்த்து, ஜெபத்தோடு நிச்சயம் செய்து, நடுவில் பவுன் கணக்கும் ரொக்கமும் பேசி முடிக்கிற குடும்பங்கள் இன்றும் உண்டு. "நாங்க எதுவும் கேட்கல, உங்க பொண்ணுக்கு நீங்க செய்யறதைச் செய்யுங்க" என்பது அதற்கு நாகரிகமான பெயர். பெண் வீட்டார் நிலத்தை விற்றோ கடன் வாங்கியோ கொடுத்தது, மாப்பிள்ளை வீட்டுச் சாட்சியில் ஆசீர்வாதமாகிவிடுகிறது. ஒரு வீட்டின் கடன் இன்னொரு வீட்டின் ஆசீர்வாதமாக எழுதப்படுகிறது. எந்தத் தணிக்கையாளரும் ஒத்துக்கொள்ளாத பதிவு இது.

படித்து முடித்து வேலைக்குப் போகிறவர்களுக்குச் சிறிய சிறிய வடிவில் இது வரும். இல்லாத செலவுக்கு ஒரு பில். முந்தைய தேதி போட்டு ஒரு ரசீது. படிக்கத் தெரியாதவரிடம் கையெழுத்து வாங்க வேண்டிய ஒரு கடன் படிவம். முதலாளி சொல்கிறார், எல்லோரும் செய்கிறார்கள், எதிரில் ஆள் காத்திருக்கிறார், வேலைக்குச் சேர்ந்து 3 மாதம்தான் ஆகிறது... வூல்மனுக்கு முன்னால் இருந்த எல்லாக் காரணங்களும் அப்படியே இருக்கும். முதல் முறை அவரும் எழுதிவிட்டார் என்பது ஆறுதல். இரண்டாவது முறை எழுதவில்லை என்பதுதான் பாடம்.

அதற்காக எல்லோரும் வேலையை விட வேண்டியதில்லை. வூல்மன் செய்ததைப் பட்டியல் போட்டால் எல்லாமே செய்யக்கூடிய அளவில்தான் இருக்கின்றன. ஒரு பத்திரத்தை மறுத்தார். ஒரு பத்தியை விட்டார். வாடிக்கையாளருக்குக் குறைந்த விலைச் சாமானைச் சொன்னார். உழைத்தவர் கையில் காசு வைத்தார். கூட்டத்தில் ஒரு முறை எழுந்து பேசினார். ஒவ்வொன்றும் சில நிமிட வேலை. ஒவ்வொன்றிலும் கையிலிருந்து ஏதோ ஒன்று போயிருக்கிறது: வருமானம், நட்பு, நல்ல பெயர்.

யார்க்கில் சாகும் நேரத்திலும் அவர் தன் செலவைக் கணக்குப் பார்த்தார். சவப்பெட்டிக்கு ஓக் மரம் வேண்டாம், அது வேறு நல்ல வேலைகளுக்குப் பயன்படும், ஆஷ் மரமே போதும் என்றார். அடக்கச் செலவுக்குத் தன் உடுப்புகளை எடுத்துக்கொள்ளச் சொன்னார். சொத்தாகப் பார்த்தால் பெரிதாக எதுவும் மிச்சமில்லை. ஆனால் அவர் எழுத மறுத்த உயிலால் விடுதலை பெற்ற அந்தப் பெண்ணிடம் கேட்டால், ஆசீர்வாதம் என்பது என்ன என்று அவள் வேறு மாதிரி சொல்லியிருப்பாள்.

அடுத்த முறை யாரையாவது ஆசீர்வாதமாக இருக்கிறார் என்று சொல்லும்போது, அவருக்கு என்ன கிடைத்தது என்பதோடு, அவரிடம் வேலை செய்கிறவர்கள் அவரைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்றும் ஒரு வார்த்தை விசாரிப்பது நல்லது.